ஊன்ற ஒரு கால்

விசாரிக்கிறவர்களிடம் "எனக்கு ஒரு கால்தான்" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். இடது கால் மட்டும்தான் போலியோவில் போனது, வலது கால் திடமாக இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்வது. முதலில் அம்மாதான் சொல்லிக்கொண்டிருந்தாள், பெண் பார்க்க வந்தவர்களிடம். அப்புறம் வேலை கேட்கப் போன இடத்தில், வாடகைக்கு வீடு கேட்ட இடத்தில் எல்லாம் நான் சொல்ல ஆரம்பித்தேன். சின்ன வயதில் மருத்துவச் சான்றிதழுக்காக முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே தரையில் கையை ஊன்றித் தவழ்ந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "நமக்கு அவ்வளவு தூரத்துக்கு இல்ல, பாத்தியா" என்று அம்மா காதோடு சொல்வாள். எனக்கும் அது தெம்பாக இருக்கும். வரிசையில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன்.

நான் எழுபதுகளின் கடைசியில் பிறந்தவள். 1995-இல் பல்ஸ் போலியோ முகாம்கள் ஆரம்பித்தபோது பள்ளிப் படிப்பை முடிக்கிற வயது எனக்கு. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு இந்தியாவில் அந்த நோயின் கணக்கு முடிந்தது. 2014-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. செய்தியை வாசித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, எங்கள் வரிசை எங்களோடு முடிகிறது என்றும் தோன்றியது. இருக்கிறதை வைத்து நாங்களே சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சமாளிப்பு என்றால் பெரும்பாலும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதுதான். எனக்கு வீடு திருவானைக்கோவிலில். வேலை, காவிரிக்கு அந்தப் பக்கம், மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில். அப்பாவின் சைக்கிள் கேரியர், அப்புறம் தம்பியின் பைக், அவனுக்குக் கல்யாணமான பிறகு ஆட்டோ. 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்ததும் எல்லாரும் என்னிடம், "உனக்குத்தான் ரொம்ப சௌகரியம்" என்றார்கள். டிக்கெட் காசு என்றைக்கு எனக்குப் பிரச்சினையாக இருந்தது? பிரச்சினை படிக்கட்டு. கேலிப்பர் மாட்டிய காலைத் தூக்கி முதல் படியில் வைப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார்.

அதற்கெல்லாம் முன்னாலேயே நான் வண்டி வாங்கிவிட்டிருந்தேன். ஆசை மட்டும் ரொம்பப் பழையது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒருவர் கைனடிக் ஹோண்டாவில் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்தி ஓட்டிக்கொண்டு போவார். 1984-இல் அந்த வண்டி வந்தது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். கியர் கிடையாது, கிக்கரை மிதிக்க வேண்டாம், பட்டனை அமுக்கினால் கிளம்பிவிடும். அதற்கு முந்தைய ஸ்கூட்டர்களில் காலால் மிதிக்கிற பிரேக்கைக் கைக்கு மாற்ற ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, தனியாகக் கம்பி வளைத்து, என்னென்னவோ செய்ய வேண்டியிருந்தது. அவர் போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு பெண் அப்படிப் போய் மட்டும் நான் பார்த்ததில்லை.

அரசாங்கத்தில் 'இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்' இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் வாங்கப் போனேன். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நல்ல நிலையில் இருப்பவர்களுக்குத்தான் என்றார்கள். "உங்களுக்கு ஒரு கால்தானேம்மா" என்றார் அங்கே இருந்தவர். வாழ்நாள் முழுக்க எனக்குத் தெம்பாக இருந்த வாக்கியம் முதல்முறையாக என் பக்கம் திரும்பிக் கடித்தது. கடன் போட்டு ஒரு கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கி, உறையூர் பக்கம் ஒரு பட்டறையில் சைடு வீல் பொருத்தினேன். எண்ணிப் பார்த்தால் அதில் நாலு சக்கரம். முன்னால் ஒன்று, பின்னால் கம்பெனி கொடுத்தது ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஆனாலும் ஊரில் அதற்கு மூணு சக்கர வண்டி என்றுதான் பெயர்.

ஓட்டிப் பழகுவது நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும், உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து சாய்வார். தம்பியின் பின்னால் உட்கார்ந்து அந்தச் சாய்வு என் உடம்பில் ஊறிப்போயிருந்தது. சைடு வீல் வண்டி சாயாது. வண்டி நிமிர்ந்து நிற்கும், நம்மைத்தான் வெளிப்பக்கம் தள்ளும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பி, உடம்பை உள்பக்கம் கொண்டுவர வேண்டும். வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்புறம் அகலம். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவள் அதை மறந்து நிலைப்படியைக் கடந்தால் பிள்ளையின் தலை இடிக்குமே, அந்த மாதிரி. ஹேண்டில் நுழைகிற சந்தில் எல்லாம் பின்சக்கரம் நுழையாது. முன்சக்கரம் தப்பித்த குழியில் பக்கத்துச் சக்கரம் விழும். ரோடு நடுவில் பள்ளமாகவும் இரண்டு ஓரமும் மேடாகவும் இருந்தால் பக்கத்துச் சக்கரங்கள் மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். என்ஜின் இழுக்கிற நடுச்சக்கரமோ தரையைத் தொடாமல் சும்மா சுற்றும். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம்தான் வரும், வண்டி நகராது.

எல்லாம் பழகிற்று. காவிரிப் பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு தூக்கிப் போடுவதும், ஆடி மாதத்துக் காற்று பக்கவாட்டில் மோதுவதும் பழகிற்று. அதுவரை எங்கே போவதானாலும், "யாராவது வர்றீங்களா?" என்று கேட்டுத்தான் கிளம்புவேன். இப்போது சொல்லிவிட்டு மட்டும் கிளம்பினேன். கொஞ்ச நாளில் சொல்வதையும் விட்டேன். காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் மலிவு என்று கேள்விப்பட்டால் போய் மூட்டையோடு வருவேன். அண்ணா சிலை சிக்னலில் நிற்கும்போது போலீஸ்காரர் வணக்கம் வைப்பார். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர்கள், "எப்படிங்க தைரியமா ஓட்டுறீங்க?" என்று கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு ருசி உண்டாகிவிட்டது. எங்கள் வட்டாரத்தில் அப்படி ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான். மறைத்து என்ன பயன்? ஒருத்தியாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாம்பழச் சாலை திருப்பத்தில் விழுந்தேன். காலையில் நேரமாகிவிட்டது, இடது பக்கம் வேகமாகத் திருப்பினேன், இடது சக்கரம் எழும்பிற்று, உடம்பு வலப்பக்கம் போயிற்று. பயத்தில் என் நல்ல காலை வெளியே நீட்டி ஊன்றினேன். வண்டி கவிழவில்லை. எழும்பிய சக்கரம் தானாகக் கீழே வந்து உட்கார்ந்தது. ஆனால் ஊன்றிய காலுக்குப் பின்னாலேயே வலது பக்கத்துச் சக்கரம் வந்துகொண்டிருந்தது. குதிகாலில் ஏறி, கணுக்காலைத் திருகிவிட்டது.

நல்ல காலில் மாவுக்கட்டு. கட்டுப் பிரிக்கும்வரை எனக்கு ஒரு காலும் இல்லை. கேட்டவர்களிடம் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன். உண்மையைச் சொன்னால், "அப்பவே சொன்னோமே" என்று கிளம்ப எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பட்டறை மெக்கானிக்குக்கு மட்டும் நிஜம் தெரியும். வளைந்த கம்பியை நிமிர்த்தக் கொடுத்தபோது அவர் ஒன்றும் கேட்காமலேயே கண்டுபிடித்துவிட்டார்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். கைக்குழந்தையாக இருந்தபோதே இரண்டு காலும் போய்விட்டன. கையால் பெடலைச் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிளில்தான் எங்கேயும் போவாள். நன்றாகத் தைப்பாள். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். வெட்டிய துணியைச் சங்கத்தில் வாங்கி வந்து, வீட்டில் தைத்து, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 4 செட் என்பதால் பருவத்தில் வேலை மலைபோல் வரும். மூட்டையை எடுத்து வர அண்ணனைக் கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோ. தைத்த கூலியில் ஆட்டோவுக்குப் போனது போகத்தான் கையில் நிற்கும்.

ஒருநாள் சாயங்காலம் என் ரவிக்கையைக் கொடுக்க வந்தாள். வாசலில் வண்டி நின்றிருந்தது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே அதன் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெடலைச் சுற்றிச் சுற்றி உரமேறிய கை அவளுடையது. பிடித்த பிடியிலேயே அது தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? இத என்னால ஓட்ட முடியுமாக்கா?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "ஊன்றதுக்கு ஒரு காலாவது வேணும்மா" என்றேன். "சிக்னல்ல நிக்கணும், மேட்டுல பின்னால உருளும், எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா தள்ளணும். உனக்கு எதுக்கு இந்த ரிஸ்க்கு? என்ன வேணும்னு சொல்லு, நான் போறப்ப வாங்கிட்டு வர்றேன்."

அவள் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்தாள். "சரிக்கா" என்றாள்.

நான் சொன்னபடி செய்தேன். நூல்கண்டு, பட்டன், மருந்து, எது வேண்டுமானாலும் வாங்கிக் கொடுத்தேன். அவளுடைய அம்மா தெருவில் என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். எவ்வளவு நல்ல மனசு என்று நாலு பேர் காதுபடச் சொல்வார். துணி மூட்டையை மட்டும் நான் எடுத்து வந்ததில்லை. அது பெரிய மூட்டை. என் வண்டியில் ஏற்றினால் கேலிப்பர் காலை நீட்டி வைக்க இடம் இருக்காது.

இந்த இடத்தில், எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். முதலில் அப்படித்தான் எழுதினேன், அடித்துவிட்டேன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கமே வண்டி கொடுக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தவள் நான். இரண்டு கால் பாதித்தவர்கள் ஓட்டவே முடியாது என்றால் அவர்களுக்கு எதற்கு வண்டி கொடுக்கிறார்கள்? இந்தச் சின்னக் கேள்வி எனக்கு வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி. நான் கடன் கட்டிக்கொண்டிருந்த வண்டி அவளுக்கு இலவசமாக வரும் என்பது மனதின் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் திட்டத்தைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை.

பள்ளியில் சீருடைப் பதிவேடு எழுதுவது என் வேலைதான். துணிக்கட்டு வந்து இறங்கும், எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போடுவேன். சட்டைகளின் தையல் நேராக இருந்தால், இதில் அவள் தைத்தது எதுவோ என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. ஒரு பருவத்தில் அவள் சங்கத்து வேலையை விட்டுவிட்டாள் என்று தெரிந்தது. அண்ணன் மூட்டை தூக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. தெருமுனைத் தையல் கடைக்காரர் கொடுக்கிற காஜா, ஹெம்மிங், ஹூக் வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். முழுச் சட்டை தைக்கிறவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். "பாவம்" என்றேன் அவளுடைய அம்மாவிடம். அடுத்த பருவமும் அப்படியே போயிற்று.

பின்சக்கரத்தில் பேரிங் போய்க் கடகடவென்று சத்தம் வந்ததால் ஒரு சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பெண் வண்டியில் வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஃபுட்போர்டில் இரண்டு பக்கமும் சரக்கு, கடலைமிட்டாய் ஜாடியும் பிஸ்கட் பெட்டியுமாக. நடுவில் சம்மணம் போட்டதுபோல் இரண்டு காலையும் மடித்து வைத்திருந்தாள். புடவைக்குள் கால் இருக்கிற இடமே தெரியவில்லை. பட்டறைக்குள் வராமல் வாசலிலேயே ஒரு வட்டம் அடித்து, வண்டியின் முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்தினாள்.

பிரேக் ஒயரை இறுக்கிக் கொடுக்கச் சொன்னாள். இறங்கவில்லை. இறங்க வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்ததை அவள் கவனித்துவிட்டாள். சிரித்தாள். ஏதாவது பேசியாக வேண்டும் என்பதற்காகக் கேட்டேன்: "ரெண்டு காலுமாங்க?"

"ஆமாங்க."

"அப்ப எப்படி ஊன்றுவீங்க?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. புருவத்தைச் சுருக்கினாள். நிஜமாகவே யோசித்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் தன் வண்டியின் பக்கத்துச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். அதில் ஏதோ கோளாறு இருப்பதைத்தான் நான் சுட்டிக்காட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள்போல. அங்கே கோளாறு ஒன்றும் இல்லை. சக்கரம் தரையில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துச் சக்கரமும் நின்றுகொண்டிருந்தது. நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்:

"ஊன்றதா? எதுக்குங்க?"

கேலியாகக் கேட்டிருந்தால் நானும் சிரித்து மழுப்பியிருப்பேன். அவள் பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எதுக்கு? அந்தச் சக்கரங்களைப் பணம் கொடுத்துப் பொருத்தியவள் நான். தினமும் அவற்றின் மேல்தான் சிக்னலில் நின்றேன். நல்ல காலைக் கீழே வைத்து நிற்பது என் வழக்கம், ஆனால் அந்தக் கால் எதையும் தாங்கவில்லை. நான் ஊன்றினாலும் ஊன்றாவிட்டாலும் வண்டி நின்றிருக்கும். அந்தக் காலை ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பதற்காகத்தான் கீழே வைத்திருந்தேன். எனக்கு ஒரு கால்தான் என்று யாரும் கேட்காமலேயே சிக்னலுக்குச் சிக்னல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இவங்கள்லாம் விழ மாட்டாங்கக்கா. வண்டி ஆடினா ஹேண்டிலத்தான் பிடிச்சுக்குவாங்க, வேற வழி இல்லைல. ஊன்றக் கால் இருக்கிறவங்கதான் கால நீட்டிக் கால ஒடச்சிக்குவாங்க." என் கணுக்காலை அவர் பார்க்கவில்லை, அந்த மரியாதை அவருக்கு உண்டு.

நேராகத் தையல்காரி வீட்டுக்குப் போனேன் என்று சொல்ல ஆசை. போகவில்லை. நாலைந்து நாள் ஆயிற்று. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நூல்கண்டு வாங்கிக்கொண்டு போனேன், அவள் கேட்காமலேயே.

அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், நான் விழுந்தது உட்பட, விண்ணப்பம் உட்பட. நடுவில் ஒரு தடவைகூட அவள் நிமிரவில்லை. முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"ஊன்ற வேணாம்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சுக்கா. அந்தச் சக்கரம் பின்ன எதுக்கு இருக்குதுன்னு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். ஆனா ஓட்டுறவங்க நீங்களே சொல்றீங்க. அப்பறமும் ரெண்டு தடவ வீட்டுல பேச்ச எடுத்தேன். 'அந்த அக்காவே வேணாங்குது, உனக்கு என்ன கேடு'ன்னாரு அண்ணன். அதுக்கு மேல நான் என்ன பேச?"

அவளுடைய அண்ணன் சொன்னால் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள், டாக்டர் சொன்னாலும் இன்னொரு டாக்டரைக் கேட்டிருப்பாள். நான் சொன்னதுதான் அவள் வாயை அடைத்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றாள். விட்டுவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

அப்புறம் நடந்தவற்றில் என் பங்கு ரொம்பக் கம்மி. தேசிய அடையாள அட்டை, மருத்துவச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு நகல் எல்லாவற்றையும் அடுக்கி, ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸுக்கு அவளே போய் மனுக் கொடுத்தாள். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "உங்களுக்கு ஸ்கூல் இருக்குல்லக்கா" என்று நாசூக்காகத் தவிர்த்துவிட்டாள். வரிசையாக வழங்குவதால் காத்திருக்க வேண்டியிருந்தது. வண்டி கைக்கு வந்த அன்று தெருவே கூடிவிட்டது.

கொள்ளிடக் கரைப் பக்கம் ஆள் இல்லாத ரோட்டில் பழகினாள். எனக்குப் பிடித்த நாட்களில் கால்வாசிகூட அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு சக்கர வண்டியில் பின்னால் உட்காரவைத்து அவளை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை, அதனால் சாய்கிற பழக்கமே அவள் உடம்பில் இல்லை. மறக்க வேண்டியது ஒன்றுமில்லாததால் வளைவில் உடம்பை உள்ளே கொண்டுவருவது அவளுக்கு முதல் நாளே வந்துவிட்டது. நான் வருஷக்கணக்கில் ஓட்டியும் வளைவில் இன்னும் ஒரு கணம் தப்பாகத்தான் சாய்கிறேன். வண்டியில் ரிவர்ஸ் கியர் கிடையாது. கால் இருக்கிறவர்கள் ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். அவள் எங்கே போனாலும் கிளம்புகிற திசையைப் பார்த்து நிறுத்தப் பழகிக்கொண்டாள். சுவருக்குப் பக்கமாகப் போய்விட்டால் சுவரைக் கையால் தள்ளிப் பின்னால் வருவாள். அந்தக் கைக்கு அது ஒரு பொருட்டில்லை.

இப்போது துணி மூட்டையை அவளே ஃபுட்போர்டில் வைத்துக் கொண்டுவருகிறாள். காலை நீட்ட வேண்டியது இல்லாததால் பெரிய மூட்டையே பிடிக்கிறது. சங்கத்தில் திரும்பச் சேர்ந்துவிட்டாள். விட்டுப்போன பருவங்களின் கூலி எவ்வளவு இருக்கும் என்று நான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதிவேடு எழுதுகிற புத்தி. அவளிடமும் கேட்டுவிட்டேன். "தொகையச் சொல்லட்டுமா, குடுத்துருவீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் தைத்துக் கொடுக்கிற ரவிக்கைக்குப் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன், அவளும் விலையைக் குறைப்பதை விட்டுவிட்டாள்.

போன மாதம் ஓர் அம்மா காலேஜில் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். தசைச் சிதைவு நோய், இரண்டு காலும் வலுவிழந்துகொண்டிருக்கின்றன. "நீங்கதான் ரொம்ப நாளா ஓட்டுறீங்களாமே. இவளால முடியுமான்னு சொல்லுங்க" என்றார். முடியும் என்று வாய்வரை வந்துவிட்டது. போலியோ மாதிரி ஒரே இடத்தில் நின்றுவிடுகிற பலவீனம் இல்லை இது. அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது, உட்கார்ந்தால் முதுகு நிற்குமா என்று எதுவும் தெரியாமல் முடியும் என்பதற்கும், அன்றைக்கு முடியாது என்றதற்கும் என்ன வித்தியாசம்? தையல்காரிக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன்.

வந்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, தன் விரலை இறுக்கச் சொன்னாள். பிரேக் லீவரைப் பிடித்து அப்படியே வைத்திருக்கச் சொன்னாள். "எத்தன நேரம் பிடிக்க முடியுது, வலிச்சா விட்டுரு" என்றாள். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குச் சொன்னாள். கடைசியில், "இங்க கரையோரமா ஒரு ரவுண்டு உக்காந்து பாக்குறியா? நான் கூடவே வர்றேன்" என்று தன் வண்டியின் சாவியை நீட்டினாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அனுமதி கேட்பதுபோல. தையல்காரியும் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வண்டி வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது. எடுத்தீங்கன்னா நாங்க போவோம்."

சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தேன், வழக்கம்போல. நல்ல காலை ஊன்றி உந்தினேன். ஈர மண்ணில் செருப்பு வழுக்கியதுதான் மிச்சம். கடைசியில் அந்த அம்மாதான் பின்னாலிருந்து இழுத்து விட்டார்.